அம்மா கைபட்ட அவரைக்காய்

எங்கள் வீட்டில் காய்கறிக்குத் தனி மரியாதை கிடையாது. கத்திரிக்காயோ மாங்காயோ வந்தால் மீன் குழம்புக்குள் போகும். மீன் இல்லாத நாளில் கருவாட்டோடு வேகும். காயை மட்டும் நறுக்கித் தாளித்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் வழக்கம் பாம்பன் பக்கத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில்கூட இறைச்சிதான் ஆகாது, மீனுக்குத் தடை இல்லை. படிப்பு முடிந்து அரசு வேலை கிடைத்து நான் ராமநாதபுரம் போகிறவரை, அவரைக்காய்க்கு நார் உரிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

கடலுக்கு மேல் ரோட்டுப் பாலம் வருவதற்கு முந்தைய காலம் அது. தீவிலிருந்து வெளியே போக ரயில் ஒன்றுதான் வழி. முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து சூடை மீன் பொரித்து, சோற்றுக்கு மேல் அடுக்கி, டப்பாவை நாலு சுற்றுத் துணியில் கட்டிக் கொடுத்தாள். எங்கள் தெருவிலிருந்து மேசை வேலைக்குப் போன முதல் பெண் நான். அப்பா அன்று கடலுக்குப் போகாமல் ஸ்டேஷன்வரை வந்தார்.

அலுவலகத்தில் எங்கள் பிரிவில் பெண்கள் நான்கு பேர். மூத்தவரை எல்லோரும் பெரியக்கா என்றே கூப்பிட்டோம். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் வந்ததில்லை. அடுத்தவர் தட்டச்சு செய்கிற அக்கா. மூன்றாமவள் திருவாடானைப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மதியம் பின்பக்கத்து அறையில் நான்கு பேரும் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் டப்பாவைத் திறந்தேன். பெரியக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். தட்டச்சு அக்கா எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"தப்பா நெனைக்காத தாயி," என்றார் பெரியக்கா. "எனக்கு முட்டை வாடைகூடச் சேராது. நீ அந்த வேப்ப மரத்தடியில ஒக்காந்து சாப்பிட்டு வா."

அவர் அதட்டவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. வேலை சொல்லிக் கொடுப்பதில் அவரைப்போல் பொறுமையான ஆளை நான் பிறகு பார்த்ததில்லை. நான் எழுதிய வரைவைத் திருத்தித் திருத்தி, எந்த வார்த்தை ஏன் ஆகாது என்று விளக்குவார். அதே பொறுமையோடுதான் என்னை மரத்தடிக்கு அனுப்பினார்.

வேப்ப மரத்தடியில் சைக்கிள்கள் நிற்கும். நான் சாப்பிடுவதை வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு திருவாடானைக்காரியிடம் கேட்டேன்.

"பொரியல்னா எப்படி வைக்கணும்?"

அவள் சிரித்தாள். "அட, இதெல்லாம் ஒரு வேலையா? எண்ணெய் காஞ்சதும் கடுகு, உளுந்து, வரமிளகா. வெங்காயம் வதங்கவும் காயைப் போடு. கையில தண்ணி தெளிச்சு மூடு. வெந்ததும் தேங்காப்பூவ அள்ளிப் போட்டு எறக்கு. நீ தலை சீவுற நேரந்தான்."

"எந்தக் காய்?"

"அவரைக்காய் வாங்கு. பொடிப்பொடியா அரிஞ்சா சட்டுன்னு வெந்துரும்."

அன்று மாலை ரயிலுக்கு முன்னால் ராமநாதபுரம் கடைத்தெருவில் அவரைக்காய் வாங்கினேன். அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் காலை நான் நறுக்கி முடித்தபோது, "ஆட்டுக்குட்டிக்கு அரிஞ்ச மாதிரியில்ல இருக்கு," என்றாள். முதல் தடவை தண்ணீர் தெளிக்க மறந்து அடிப்பிடித்தது. அடுத்த தடவை தண்ணீர் கூடிப்போய்க் கூழாயிற்று. மூன்றாம் நாள் ஒருவாறு நிறம் மாறாமல் இறங்கியது. மீன் பொரிக்கிற சட்டி வேண்டாம் என்று தனியாக ஒரு சின்ன இரும்புச் சட்டி வாங்கி வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள்.

சைவ டப்பாவோடு போனதும் பாயில் எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் எல்லோருடைய டப்பாவும் பாயின் நடுவில் இருக்கும், ஆளாளுக்குக் கரண்டி போட்டு எடுத்துக்கொள்வார்கள். என்னுடையதும் நடுவில்தான் இருந்தது. அதில் மட்டும் யாரும் கரண்டி போடவில்லை. பெரியக்கா தன் டப்பாவிலிருந்து எனக்கு அள்ளி வைப்பார். "நல்லாச் சாப்புடு, ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்க," என்பார். நான் என் டப்பாவை நகர்த்தினால், "வச்சிரு, வச்சிரு. எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு," என்பார். நான் வைத்த பொரியல் மாலை ரயிலில் என்னோடு திரும்பி வரும். பாம்பன் ஸ்டேஷனில் அதை நாய்க்குக் கொட்டிவிட்டு, டப்பாவைக் குழாயில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

எப்படியோ அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டேஷனில் பார்த்த யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அவுக திங்க மாட்டாகளா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எனக்குத்தான் சரியா வைக்கத் தெரியல."

அம்மா என் சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தாள். "உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. இத யாரு திம்பா?" என்றாள்.

இதற்குள் திருவாடானைக்காரி எனக்கு நெருக்கமாகியிருந்தாள். என் டப்பா தொடப்படாமல் திரும்புவது அவளுக்கும் உறுத்தியது என்றே நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கை கழுவுகிற இடத்தில் அவளே சொன்னாள்.

"ஒன் பொரியல என் டப்பாவுல மாத்துவோம். என்னோட உருளைக்கிழங்க நீ வச்சுக்க. அவுக தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் சொல்லிருவோம். தின்ன வாயால வேற என்ன சொல்லிருவாக?"

எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. மாற்றினோம்.

பெரியக்கா அவள் டப்பாவில் கரண்டி போட்டார். ஒரு வாய் தின்றார். "என்னத்தா இன்னைக்கு இப்படி மணக்குது? பூண்டு தட்டிப் போட்டியா?" என்றார். தட்டச்சு அக்காவும் எடுத்துக்கொண்டு, "கடலைப்பொடி மாதிரி ஏதோ நறுநறுன்னு இருக்கு. நல்லா இருக்கு," என்றார். பெரியக்கா மறுபடியும் அள்ளி வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நான் பூண்டே போடவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். திருவாடானைக்காரி என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தானும் ஒரு வாய் எடுத்தாள்.

மென்றவள் நிறுத்தினாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். அவள் வீட்டில் மீனும் கருவாடும் தின்பார்கள், அவளுக்கு ருசி தெரியும். அவள் பேசாமல் விழுங்கியிருக்கலாம். சற்று நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"அக்கா, இது என் பொரியல் இல்ல. அவ டப்பாவ மாத்தி வச்சுட்டா. இதுல கூனி கெடக்கு."

சென்னாக்கூனி என்பது நகத்தளவுகூட இல்லாத பொடி இறால். எங்கள் பக்கம் அதைக் காயவைத்து, வறுத்து, இடித்து வைத்துக்கொள்வோம்.

பெரியக்காவின் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. "என்ன சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் திரும்பச் சொன்னாள். பெரியக்கா எழுந்து குழாயடிக்கு ஓடினார். தொண்டைக்குள் விரலை விட்டு விட்டு வாந்தி எடுத்தார். வெறும் தண்ணீர் வருகிறவரை எடுத்தார். பிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அவர் பிறந்ததிலிருந்து காத்து வந்த ஒன்று அன்று போயிற்று. எனக்கு அது அப்போதே தெரிந்தது. "எனக்குத் தெரியாதுக்கா, நான் போடலக்கா," என்று பக்கத்தில் போனேன். தட்டச்சு அக்கா என்னைத் தோளில் பிடித்துத் தள்ளினார்.

பெரியக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். குரல் பழையபடி அமைதியாகியிருந்தது. தன் தட்டிலும் மற்ற இருவர் தட்டிலும் மிச்சமிருந்த அவரைக்காயைக் கரண்டியால் வழித்து என் டப்பா மூடியில் குவித்தார்.

"ஒன் சாமான்தான? நீயே தின்னு."

நான் அவரைப் பார்த்தேன்.

"எங்க எச்சிதான். ஒன் எச்சிய நாங்க தின்னோம்ல. தின்னு."

அறை வாசலில் மற்ற பிரிவு ஆட்கள் கூடிவிட்டார்கள். ஓர் அதிகாரியும் நின்றார். யாரும் தடுக்கவில்லை. திருவாடானைக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் உட்கார்ந்து தின்றேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. பூண்டும் வரமிளகாயும் கூனியும் சேர்த்து இடித்த பொடி. நான் காலையில் குளிக்கப் போன நேரத்தில் அம்மா போட்டிருக்கிறாள். அதுவரை நான் வைத்த பொரியல் எதற்கும் அந்த ருசி வந்ததில்லை. எல்லாவற்றையும் தின்று முடித்தேன். பெரியக்கா கடைசி வாய்வரை நின்று பார்த்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்த் திருவாடானைக்காரியைப் பிடித்தேன்.

"மாத்தலாம்னு சொன்னது நீதான?"

"ஆமா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நீ எப்படியும் வெளியதான் இருக்க. கொஞ்ச நாள் மரத்தடியில ஒக்காந்த, இன்னைக்கு உள்ள ஒக்காந்த, அவ்வளவுதான். நான் அவுககூட இருந்தாகணும்ல? என்னையும் சேத்து இழுத்துக்கிட்டா ஒனக்கு என்ன கெடச்சிரும்?" என்றாள். அவள் பஸ் வந்தது. ஏறிப் போனாள்.

வீட்டில் அம்மா வாசலில் நின்றிருந்தாள். அப்படி அவள் நிற்கிற வழக்கம் இல்லை. என் கையிலிருந்து டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். காலி.

"இன்னைக்குத் தின்னாகளா?" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் பார்த்தேன்.

தின்றார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவும் நடந்ததுதானே. ஆனால் என் வாயில் இன்னும் மூன்று பேர் எச்சில் இருந்தது. நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். வாந்தி எடுத்ததை, மூடியில் குவித்ததை, எல்லோரும் பார்க்க நான் தின்றதை. அம்மா டப்பாவைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எம்புள்ள புல்லத் திங்குதேன்னுதான் ஒரு சிட்டிகை போட்டேன்," என்றாள் கடைசியில். "அவுகளும் திம்பாகன்னு நெனைக்கல. நீ வாய்க்கு ருசியாத் திங்கட்டும்னுதான்."

திங்கட்கிழமை நான் போனதும் என் மேசையை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய கட்டுகளைத் தூசி தட்டி அடுக்குகிற வேலை. காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் யாரோ ஓர் அம்மா என்னைத் தேடி வந்திருப்பதாகப் பியூன் வந்து சொன்னார். ஓடிப் போனேன்.

அம்மா படிக்குக் கீழே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது மட்டும் கட்டுகிற சேலை. தலைக்குக் குளித்து எண்ணெய் வைத்திருந்தாள். கழுத்திலும் கையிலும் என் பவுடரை அள்ளிப் பூசியிருந்தாள், வேர்வையில் அது திட்டுத்திட்டாக ஊறிப்போயிருந்தது. உடம்பில் வாடை இருக்கக் கூடாது என்று செய்திருக்கிறாள். கையில் ஒரு பையில் கருப்பட்டியும் பனங்கிழங்கும். கடலிலிருந்து வந்தது ஒன்றுகூட அதில் இல்லை.

பெரியக்கா வராந்தாவில் நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எம்புள்ள மேல தப்பு இல்லம்மா. அதுக்குத் தெரியவே தெரியாது. நாந்தான் போட்டேன்."

"தெரியும்," என்றார் பெரியக்கா.

"நீங்க திம்பீகன்னு தெரியாதும்மா. தெரிஞ்சு செய்வேனா? சாமி சத்தியமா."

"அதுவும் தெரியும்."

"ஒடம்புக்கு இப்ப சொகமா இருக்காம்மா?"

நான் அம்மாவின் கையைப் பிடித்து, "வா போகலாம்," என்றேன். அம்மா என் கையை விலக்கினாள். "நீ உள்ள போ. வேலையப் பாரு," என்றாள். பிறகு பையைப் படியில் வைத்தாள். "கருப்பட்டிம்மா. நல்ல கருப்பட்டி."

"பிள்ளை நல்லா எழுதுது," என்றார் பெரியக்கா. "புத்திசாலி. மேல வரும். ஆனா வரணும்னா நீங்க அதுகூட அடுப்படியில நிக்காதீங்க. நீங்க தொட்டது எதுவும் அது கையில இருக்க வேண்டாம். அம்புட்டுத்தான் நான் சொல்லுவேன்." பியூனைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பையை வாசல் கூட்டுறவகிட்டக் குடுத்துருங்க," என்றார். அம்மா நிற்கும்போதே பியூன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

"சரிம்மா," என்றாள் அம்மா.

மத்தியானத்தில் பாம்பனுக்கு ரயில் இல்லை. அம்மா ஸ்டேஷனில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். நான் போனதும் எழுந்து வந்தாள். ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை நான் அடுப்படிக்குள் போனதும் அம்மா கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். முகம் கழுவப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு மறுநாளும் போனாள். நான் காய் நறுக்க உட்கார்ந்தால் அவள் எழுந்துவிடுவாள். டப்பாவைத் தொட மாட்டாள், அந்தச் சின்னச் சட்டியைக் கழுவக்கூட மாட்டாள்.

"நான் தனியாத்தான திங்கிறேன். யாரு பாக்கப் போறா? மீனே கட்டிக் குடு," என்றேன்.

"வேண்டாம். நீ ஒன் காயை வச்சு எடுத்துக்கிட்டுப் போ."

"அந்தம்மா சொன்னா அதுதான் சட்டமா?"

"நீ மேல வருவன்னு சொன்னாகல்ல," என்றாள்.

கோபத்தில் ஒரு நாள் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் வந்ததும் வெடுக்கென்று கையை உதறிக்கொண்டு போனாள். பிறகு நான் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் கடுகு வெடிக்கிற சத்தத்தோடு கொல்லைக் கதவு சாத்துகிற சத்தமும் கேட்கும். அப்பா ஒரு தடவை அவளை அதட்டிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. நான் ரயிலுக்குக் கிளம்பிய பிறகுதான் உள்ளே வந்து அப்பாவுக்கும் தனக்கும் மீன் குழம்பு வைப்பாள்.

ரெக்கார்டு ரூமில் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். திருவாடானைக்காரிக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை வைக்க எல்லா மேசைக்கும் போனவள் என் கதவு வரைக்கும் வந்தாள். "விருந்து எல்லாம் சைவந்தான். ஒனக்கு அது பிடிக்காதுல்ல," என்றாள். பத்திரிகையை அவள் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியக்கா ஓய்வு பெற்றபோது எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று நான் விடுப்பில் இருந்தேன்.

பதவி உயர்வுகள் வந்தன. பெரியக்கா சொன்னதுபோல் மேலே வந்தேன். ரோட்டுப் பாலம் திறந்து, பஸ்ஸில் போய் வந்து, கடைசியில் ராமேஸ்வரத்திலேயே ஓர் அலுவலகத்துக்கு மாற்றலும் கிடைத்தது. அதற்குள் அம்மா இறந்துபோயிருந்தாள். காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. படுத்திருந்த நாட்களில் நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அடுப்படிக்குள் பாய் விரித்தால் சூடாக இருக்கும் என்று தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். "அங்கன வேண்டாம்," என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு சில வருடம் கழித்து ஒரு அமாவாசை அன்று என் மேசைக்கு முன்னால் பெரியக்கா வந்து நின்றார். மிகவும் கிழவியாகியிருந்தார். கணவருக்குத் திதி கொடுக்க மகனோடு வந்திருக்கிறார். மகன் ஆட்டோ பார்க்கப் போயிருந்தான். விசாரித்து வந்தேன் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஒரு பாட்டில் சோடா வாங்கி வரச் சொன்னேன். திறக்காத பாட்டில். வேண்டாம் என்று கையாட்டினார்.

"அம்மா இருக்காகளா?"

"இல்லக்கா. போயிட்டாக."

தலையசைத்தார்.

"அன்னைக்கு ஒன்னைய எச்சி திங்க வச்சது ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"எனக்கும் இருக்கு. அடிக்கடி நெனைப்பேன்."

நான் காத்திருந்தேன். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அழுதுவிடக் கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன்," என்றார். "நான் செஞ்சது தப்புன்னு எனக்குத் தோணல. கடல்ல முங்கி எந்திரிச்சப்பகூட யோசிச்சேன். தோணல. ஒங்கிட்ட அத நேர்ல சொல்லிரணும்னு பட்டுச்சு. மனசுல வச்சுக்கிட்டுப் போகக் கூடாதுல்ல."

மேசை விளிம்பை விட்டேன். பிறகு சொன்னேன்: "எங்கம்மா அன்னைக்கப்புறம் சாகுறவரைக்கும், நான் சமைக்கையில அடுப்படிக்குள்ள வரலக்கா."

"அது அவுக பிடிவாதம்," என்றார் பெரியக்கா.

மகன் வாசலில் வந்து கூப்பிட்டான். அவருக்குப் படி இறங்கக் கால் நடுங்கியது. நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படி உயரமாக இருந்ததால் மகன் வந்து தூக்கி இறக்கினான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். ஆட்டோ கோயில் பக்கம் திரும்பிப் போயிற்று.

நான் உள்ளே வந்தேன். எனக்குக் கீழே வேலை பார்க்கிற பெண், "யாரு மேடம் அவுக?" என்று கேட்டாள்.

"எனக்கு வேலை சொல்லிக் குடுத்தவுக," என்றேன்.